மெக் சோமின் கட்டைவிரல்

மெக் சோம் கணவாய் விற்க உட்கார்ந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

எங்கள் கடலோர ஊர் தும்பாட்டின் மீன் சந்தையில் அவள் மேடையும் என் மேடையும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு வாளி வைக்கத்தான் இடம். நான் கருவாடும், நெத்திலியை உப்பில் புளிக்கவைத்து எடுக்கிற புடுச் சாறும் விற்கிறவள். அவள் பச்சை மீன். அவள் அம்மா உட்கார்ந்திருந்த அதே மேடை. எத்தனையோ மழைக்காலமாக அவளைப் பார்த்துக்கொண்டே நான் வியாபாரம் செய்திருக்கிறேன். ஆகவே அவளைப் பற்றி வேறு யார் வந்து என்ன சொன்னாலும் சரி, நான் சொல்வதைத்தான் நீ எழுதிக்கொள்ள வேண்டும்.

கணவாயை அவள் மீன் என்றே ஒப்புக்கொண்டதில்லை. "எலும்பும் இல்ல, மூஞ்சியும் இல்ல. மூக்குச் சளிய வலையில புடிச்ச மாதிரி இருக்கு. மீனுன்னா செவுள் இருக்கணும்" என்பாள். செவுள்தான் அவள் வியாபாரமே. யாராவது மேடை முன்னால் நின்று மீனைச் சந்தேகமாகப் பார்த்தால் போதும், சூரையோ கானாங்கெளுத்தியோ கைக்கு வந்ததைத் தூக்கி, வலது கட்டைவிரலைச் செவுளுக்குள் விட்டுச் சட்டென்று திறந்து காட்டுவாள். உள்ளே சிவப்பு மின்னும். "நல்லாப் பாரு. உன் புருஷன் உதடுகூட இப்படிச் சிவந்திருக்காது." வாங்க வந்தவள் சிரித்துவிடுவாள். சிரித்தவள் வாங்காமல் போனதில்லை.

வாய்தான் அப்படி, மனசு வேறு மாதிரி. வயிற்றுப் பிள்ளைக்காரி வந்தால் ஒரு மீன் கூடுதலாக விழும். கேட்டால் "தராசு கெட்டுப்போச்சு" என்று தராசைத் திட்டுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. சந்தைப் பூனைகள் அத்தனையும் அவள் கணக்கில்தான் வளர்ந்தன. புருஷன் டெரமான், நாங்கள் பொக் மான் என்று கூப்பிடுவோம், மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிறவர். அதனால் வேன் ஓட்டினார். "கடலப் பாத்துப் பயந்தவரு, என்னப் பாத்துப் பயப்படாம எப்படித்தான் கட்டிக்கிட்டாரோ" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் மேடை முழுக்கக் கணவாயும் இறாலுமாகப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மெக் சோம், கடல்ல மீன் தீந்துபோச்சா?"

"ஏன், கணவாய் வித்தா உன் புடு கெட்டுப்போயிருமா?"

"சளின்னு சொன்னவ நீதான்."

"சளிக்கும் ஆள் இருக்கு. நீ உன் நாத்தத்தப் பாத்துக்கோ மொக் தே."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் கணவாய். அதற்கு மறுநாளும். யாரோ ஒரு பெண் மேடை ஓரத்தில் கிடந்த ஒன்றிரண்டு கானாங்கெளுத்தியைக் கேட்டு, "செவுளக் காட்டு" என்றபோது, மெக் சோம் இடது கையால் தடுமாறித் திறந்தாள். வலது கை மடியிலேயே கிடந்தது. அப்போதே நான் ஒரு புடு பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன். "மூடி இறுகிப்போச்சு, கொஞ்சம் திறந்து குடு."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாங்கி, கட்டைவிரலை மூடிமேல் வைத்தாள். விரல் வழுக்கியது. மறுபடி வைத்தாள். நெற்றியில் வேர்த்ததே தவிர மூடி அசையவில்லை. அந்த மூடியை நான் இறுக்கியிருக்கவே இல்லை.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"எதுக்குக் கேக்குற?"

"கேட்டா சொல்லு."

"மழைக்கு முன்னாடியிருந்து" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் தெரியுது மொக் தே. ஐஸ் குளிருது, மீனு வழவழங்குது, முள்ளு குத்தினா வலிக்குது. ஆனா திறன்னா திறக்க மாட்டேங்குது. யாரோ ஒருத்தர் கை மாதிரி இருக்கு."

சந்தைக்கு விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். காற்று ஏறிவிட்டது என்றாள் காய்கறிக்காரி. ஐஸ் எலும்புக்குள் போய்விட்டது என்றாள் தேங்காய்க்காரி. பொக் மான் அவளைக் கை பிடித்துவிடும் கிழவியிடம் கூட்டிப் போனார். கிழவி எண்ணெய் போட்டுத் தோளிலிருந்து விரல்வரை உருவினாள். மெக் சோம் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியதும், கிழவிக்குக் கெட்ட வார்த்தைகளில் பாதி புதிதாகக் கற்றுக் கொடுத்ததும்தான் மிச்சம். விரல் அப்படியே இருந்தது. அதிகாலைக் குளிரில் இன்னும் மோசம், வெயில் ஏறினால் கொஞ்சம் தேவலை. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதை மெல்ல வற்ற ஆரம்பித்தது. அப்புறம் முன்கையில் தோலுக்கு அடியில் ஒரு துடிப்பு. புழு நெளிகிற மாதிரி, தானாக, அவள் சும்மா இருக்கும்போதும்.

அந்தத் துடிப்பைப் பார்த்த அன்று அவள் சிரிப்பு நின்றுபோனது. காரணம் எனக்குத் தெரியும்.

ஆற்று முகத்துவாரத்தில் ஜூசோ என்று ஒரு படகுத் தச்சர் இருந்தார். அவருக்கும் இப்படித்தான், ஒரு கையில் ஆரம்பித்தது. உளி நழுவியது. தோலுக்கு அடியில் துடித்தது. பிறகு மறு கை, கால், கடைசியில் நாக்கு. நரம்பே தேய்ந்துபோகிற நோய், மருந்தில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு விழுங்க முடிகிறவரை மெக் சோம்தான் தினமும் மீனைப் புளிபோட்டு வேகவைத்து, முள் எடுத்து, மசித்துக் கொண்டுபோய் ஊட்டினாள். அவர் மூச்சு நின்றபோது பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். ஆகையால் அந்த நோய் எந்த வாசல் வழியாக வரும், எந்தெந்த அறைக்குள் நுழையும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஜூசோவோடதுதான் எனக்கும்" என்றாள் என்னிடம், ஏதோ நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி.

"நீ டாக்டரா?"

"பாத்தவ."

"நானும்தான் பாத்தேன். எனக்கு அப்படித் தோணல."

"உனக்கு எதுதான் தோணியிருக்கு?"

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் யோங் என்று ஒருவர். ஈப்போக்காரர், புத்தகத்தில் எழுதியிருக்கிற மாதிரி பேசுவார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுத்தியலால் தட்டி, நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கிற சோதனைக்கு நாள் கொடுத்தார். அந்த நாளில்தான் மெக் சோம் எங்கள் சந்தைக்காரிகளால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு காரியத்தைச் செய்தாள்.

மீன் வாசனை எங்களுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ போகும்போது மீன்காரிகள் வெந்நீரைத் தொடவே மாட்டார்கள். வெந்நீர் பட்டால் வாசனை தோலுக்குள்ளேயே வெந்து நின்றுவிடும் என்பார்கள். ஐஸ் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து, கை மரத்துப்போகிறவரை ஊறவைத்துத் தேய்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் தன் கையைப் பிடித்துச் சோதிக்கப் போகிறாள் என்றதும் மெக் சோமுக்கு மானப் பிரச்சினை. வேனில் மடியில் ஒரு பை ஐஸ், அரிந்த எலுமிச்சை. ஆஸ்பத்திரி வாசல்வரை ஊறவைத்துக்கொண்டே போயிருக்கிறாள்.

சோதனை செய்கிற பெண் பெயர் நிக் ரோஸ். பாசிர் மாஸ் பக்கத்துப் பெண். எங்களை மாதிரிக் கிழவிகளை மொக் சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுகிறவள், கையைத் தொட்டதும் பதறிப்போனாளாம்.

"என்ன மொக் சிக், கை ஐஸ் மாதிரி இருக்கு? இருங்க, சுடுதண்ணியில கொஞ்ச நேரம் வெச்சுக்கலாம்."

"வேண்டாம்மா வேண்டாம். எனக்கு எப்பவும் இப்படித்தான். நீ பாரு."

சுடுதண்ணீர் என்றதும் அவள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டதாகப் பொக் மான் சொன்னார். நிக் ரோஸ் விளக்குச் சூட்டில் கொஞ்ச நேரம் காட்டிப் பார்த்தாள். தோல் சூடேறியது, உள்ளே ஏறவில்லை. வெளியே வரிசை காத்திருந்தது. செய்து பார்த்தார்கள். எல்லா நரம்பும் மெதுவாக ஓடுகிறது என்று வந்தது. நல்லதும் மெதுவு, கெட்டதும் மெதுவு. எதில் நோய், எதில் குளிர் என்று பிரிக்க முடியவில்லை.

டாக்டர் யோங் ஒளிக்காமல் சொன்னார். இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நரம்பே தேய்கிற நோய். அதற்கு மருந்து கிடையாது. இன்னொன்று, நரம்பு நன்றாக இருந்தும் வழியில் ஓர் இடத்தில் செய்தி நின்றுவிடுகிற நோய். அதற்கு மருந்து உண்டு. எது என்று சோதனைதான் சொல்ல வேண்டும், இந்தச் சோதனை சரியாக வரவில்லை, கையைச் சூடாக வைத்துக்கொண்டு மறுபடி வரவேண்டும்.

மெக் சோம் திரும்பி வந்து எனக்குச் சொன்னதில் முதல் வழி மட்டும்தான் இருந்தது. மீதியைப் பொக் மான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் அவள் செய்ததையெல்லாம் நான் மன்னிக்கவே மாட்டேன். தன் வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேடையில் வைத்தாள். "நீ வெச்சுக்கோ." பூனைகளுக்கு மீன் தலையை யார் போடுவது என்று இறால்காரியிடம் பேசி முடித்தாள். கடைசியில் என்னிடம், "என் மேடைய நீ எடுத்துக்கோ மொக் தே. உன் மேடையோட சேத்துக்கோ. வெளியாளுக்குப் போனா என் அம்மா மனசு கஷ்டப்படும்" என்றாள்.

"நான் மீன் விக்க மாட்டேன்."

"ஏன், மீனு உன்னக் கடிக்குமா?"

"நான் செத்த மீன உப்புல போடுறவ. நீ உயிரோட இருக்குறப்பவே உப்புல போடச் சொல்றியா? கத்திய எடுத்துட்டுப் போ."

"உன்கிட்டப் பேசுறதுக்குச் செவுத்துல முட்டிக்கலாம்."

"முட்டிக்கோ. மண்டை உடைஞ்சா அதுக்கு மருந்து இருக்கு."

அவள் அழுதாள். அழுதுகொண்டே கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். நானும் அழுதேன், ஆனால் அவள் போன பிறகுதான். அதையும் எழுதிக்கொள், பரவாயில்லை.

பிறகு யோசித்தேன். முதல் சோதனை ஏன் கெட்டது என்று பொக் மானைத் துருவித் துருவிக் கேட்டதில் ஐஸ் பை கதை வெளியே வந்தது. "அந்தப் பொண்ணு முன்னாடி நாறக் கூடாதுன்னு அவளுக்கு" என்று அவர் தலையைச் சொறிந்தார். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. உயிர் போகுமா நிற்குமா என்று தெரிந்துகொள்ளப் போகிறவள் வாசனைக்குப் பயப்படுகிறாள்!

இரண்டாம் சோதனைக்கு நானும் வேனில் ஏறிக்கொண்டேன்.

"உன் கடைய யாரு பாப்பா?" என்றாள்.

"புடு ஓடிப்போகாது."

காலையில் சந்தை முனையில் சோறு விற்கிறவளிடம், பானையிலிருந்து அப்போதுதான் எடுத்த தேங்காய்ப்பால் சோறும் சூரை மீன் குழம்புமாக, வாழை இலையில் பொட்டலம் கட்டச் சொன்னேன். கையில் பிடிக்க முடியாத சூடு. மெக் சோமின் இரண்டு கைகளையும் ஏந்தச் சொல்லி, மேலும் கீழும் பொட்டலங்களை வைத்து, என் முக்காட்டுத் துணியால் முழங்கைக்கு மேல்வரை சுற்றிக் கட்டினேன்.

"என்னப் பொணம் மாதிரி சுத்துறியே!"

"பொணத்துக்கு யாரும் சோறு கட்ட மாட்டாங்க. ஆடாம இரு."

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு பெண் இருந்தாள், நல்ல துணி உடுத்தி, அத்தர் பூசி. கதவு மூடியதும் அவள் மூக்கு சுருங்கியது. முக்காட்டு முனையால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள். அவ்வளவுதான். மெக் சோமின் முகம் அப்படியே வாடிவிட்டது. லிஃப்டிலிருந்து இறங்கியதும் "ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்" என்று கட்டை அவிழ்க்கச் சொல்லி, பொட்டலங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கைப்பையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றுக்குப் போகிறவளுக்குக் கைப்பை எதற்கு? பின்னாலேயே போனேன். தொட்டி முன்னால் நின்று, பையிலிருந்து சுடுதண்ணீர்க் குடுவை ஒன்றை எடுத்து, இடது கையாலும் பல்லாலும் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். உள்ளே கலகல என்று ஐஸ் சத்தம். எலுமிச்சை வேறு.

"குடு இங்க!"

"விடு மொக் தே! ஒரே நிமிஷம். அந்தப் பொண்ணு என் கையப் புடிக்கணும், பாவம்."

"அவ கை புடிக்கத்தான் சம்பளம் வாங்குறா. குடு!"

இரண்டு கிழவிகள் கழிப்பறையில் ஒரு குடுவைக்கு மல்லுக்கட்டினோம். அவளுக்கு ஒரு கை பலமில்லை, எனக்கு முழங்கால் பலமில்லை, சரிக்குச் சரி. கடைசியில் குடுவை கவிழ்ந்து ஐஸெல்லாம் தரையில் ஓடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாறினா என்ன இப்ப?" என்றேன். "நீ மீன் வித்த கை அது, ஜூசோவுக்குச் சோறு ஊட்டின கை அது. நாறட்டும். நாறிட்டே பொழச்சுக் கிட."

அவள் கைகளை நீட்டினாள். நான் மறுபடி பொட்டலங்களை வைத்துக் கட்டினேன். சூடு இன்னும் இருந்தது.

நிக் ரோஸ் கட்டை அவிழ்த்துக் கையைத் தொட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஆ, இதுதான் கை! என்ன வாசனை, சூரைக் குழம்பா?"

"குழம்பும் இருக்கு, மீன்காரியும் இருக்கா" என்றேன்.

"எங்க வீட்டுல எங்க அம்மாதான் மீன் வெட்டுவாங்க மொக் சிக். எனக்கு இது வீட்டு வாசனை."

மெக் சோம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். கண்ணோரம் நனைந்திருந்தது.

கட்டைவிரலுக்குக் கீழே வற்றிய சதைமேல் ஒரு வில்லை ஒட்டினார்கள். அதில் ஒரு கம்பி, கம்பி போய்ச் சேருகிற இடத்தில் ஒரு திரை. நிக் ரோஸ் இரண்டு முனை உள்ள ஒரு கருவியை மணிக்கட்டில் அழுத்தினாள். சுரீர் என்றிருக்கும்போல, மெக் சோம் "அடியம்மா!" என்றாள். கட்டைவிரல் தவளை மாதிரி துள்ளியது. அந்தத் துள்ளலைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். எத்தனை மாதமாக அசையாமல் கிடந்த விரல்! திரையில் ஒரு குன்று எழும்பி இறங்கியது.

பிறகு முழங்கை மடிப்பில் அழுத்தினாள். விரல் மறுபடி துள்ளியது. அதே உயரத்தில் குன்று.

பிறகு முழங்கைக்கு மேலே, புஜத்தின் உள்பக்கம், அக்குள் பக்கமாக. மெக் சோம் பல்லைக் கடித்தாள். விரல் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். திரையில் குன்று இல்லை, எறும்புப் புற்று மாதிரி ஒரு மேடு. நிக் ரோஸ் இன்னும் கொஞ்சம் மின்சாரம் கூட்டினாள். மேடுதான். இடம் மாற்றி வைத்தாள். மேடுதான். திரும்ப முழங்கை மடிப்புக்கு வந்தாள். குன்று!

அதுவரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் அதை நிறுத்தினாள். மறு கையில் செய்தாள். அங்கே மூன்று இடத்திலும் மூன்று குன்று, அண்ணன் தம்பி மாதிரி. பிறகு உணர்ச்சி தெரிகிற நரம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதில் எங்கேயும் குறையில்லை.

"என்னம்மா?" என்றேன்.

"நான் சொல்லக் கூடாது மொக் சிக். டாக்டரக் கூட்டிட்டு வரேன்."

"நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லு."

"டாக்டர் வரட்டும்."

அவள் போனதும் மெக் சோம் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஜூசோவோடதுதானே?"

"வாய மூடு."

"நீ பாத்தியே, கடைசியில ஒண்ணுமே வரல."

"மூடுன்னேன்ல."

அவள் சூடான கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. இடது கைதான்.

டாக்டர் யோங் வந்து தானே ஒருமுறை செய்து பார்த்தார். மணிக்கட்டில் குன்று, முழங்கையில் குன்று, மேலே மேடு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்லாமல் உட்கார்ந்தாரே என்று நான் மெக் சோமின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அம்மா, நரம்பு தேய்கிற நோயாக இருந்தால் எந்த இடத்தில் தட்டினாலும் பலம் ஒரே மாதிரி குறைவாக இருக்கும். உங்களுக்குக் கீழே தட்டினால் விரல் துள்ளுகிறது. அதாவது நரம்பு உயிரோடு இருக்கிறது. மேலே தட்டினால் செய்தி வந்து சேரவில்லை. இங்கே," என்று புஜத்தில் விரல் வைத்தார், "இந்த இடத்தில் தடை. அதுவும் வேலை செய்யச் சொல்கிற நரம்பில் மட்டும். உணர்கிற நரம்பு நன்றாக இருக்கிறது."

"யாரு தடுக்குறது?" என்றேன் நான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற கிருமியைப் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. சில பேருக்குக் காவல்காரன் ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே பிடித்து நிறுத்திவிடுவான்."

"நம்ம சந்தைக்குப் புதுசா வந்த வாட்ச்மேன் மாதிரி" என்றேன் மெக் சோமிடம். "வந்த அன்னிக்கு உன்னையே உள்ள விட மாட்டேன்னானே."

அவள் சிரிக்கவில்லை. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது ஜூசோவோடது இல்ல?"

"ஜூசோ யார்?"

"செத்துப்போனவரு."

"இது அது இல்லை அம்மா. இதற்கு மருந்து இருக்கிறது."

அவ்வளவு நேரம் மின்சாரத்துக்கெல்லாம் அழாதவள், பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். வெளியே இருந்த பொக் மான் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, கதவில் இடித்துக்கொண்டு, அவரும் அழுதார். நல்ல சேதி என்று அவருக்குப் புரியவைக்கவே நேரம் பிடித்தது. பிறகு நாங்கள் நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பொட்டலச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். ஒரு பொட்டலம் நிக் ரோஸுக்கு. வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டு இலையை வழித்துச் சாப்பிட்டாள்.

ரத்தம் எடுத்துத் தூரத்து ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் காவல்காரன் இன்னான் என்று பிறகு பதில் வந்தது. அதற்கு முன்பே மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். வார்டில் சில நாள் படுக்கவைத்து, சொட்டுச் சொட்டாக. குலுக்கினால் நுரைத்துவிடும் என்று தாதி அந்தப் பாட்டிலைக் குழந்தை மாதிரி ஏந்தி வந்தாள். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தண்ணீராம் அது. அத்தனை பேருடைய நல்ல காவல்காரர்களெல்லாம் உள்ளே போய், அவளுடைய முரட்டுக் காவல்காரனை அடக்குவார்களாம்.

"ஆயிரம் பேரா?" என்றாள் மெக் சோம். "சீனரும் இருப்பாங்க, தமிழரும் இருப்பாங்க, சயாம்காரரும் இருப்பாங்க."

"இருப்பாங்க."

"அப்ப இனிமே எந்த பாஷைல பேரம் பேசினாலும் என்ன ஏமாத்த முடியாது."

அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. விரல் அசைகிறதோ இல்லையோ, வாய் திரும்பிவிட்டது.

விரல் உடனே திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தும் சில நாள் அப்படியேதான். அவள் மறுபடி கத்தியைத் துணியில் சுற்றிவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை பொக் மான் சந்தைக்கு வந்தார், காது சிவந்து, முகமெல்லாம் பல்லாக.

"கிள்ளிட்டா!"

"என்னது?"

"வேன் சாவிய எங்கயோ வெச்சுட்டேன். காதப் புடிச்சுக் கிள்ளிட்டா மொக் தே! வலது கையால! கட்டைவிரலால!" காதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பக்கத்து மேடைக்காரிகளெல்லாம் கூடிவிட்டார்கள். தேங்காய்க்காரி அந்தக் காதைத் தொட்டே பார்த்தாள். மனைவி கிள்ளிய காதை ஊருக்கெல்லாம் காட்டிச் சந்தோஷப்பட்ட புருஷனை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போதும் அவள் அதே மேடையில்தான் இருக்கிறாள். வற்றிய சதை முழுசாக நிரம்பவில்லை, நிரம்பாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். துடிப்பும் எப்போதாவது வரும். மருந்தும் ஒருமுறையோடு முடிகிறதில்லை. கொஞ்ச வாரம் வேலை செய்யும், பிறகு அந்தக் காவல்காரன் மெல்ல எழுந்து வருவான், கட்டைவிரல் தளரும், போய் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். போகும்போது ஐஸ் கிடையாது, எலுமிச்சை கிடையாது. சோற்றுப் பொட்டலம் மட்டும்தான், நிக் ரோஸுக்கும் சேர்த்து.

அவள் ஆஸ்பத்திரி நாள் எது என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வந்து அவள் மேடையைப் பார்த்தால் போதும். சூரையும் கானாங்கெளுத்தியும் இருந்தால், "இந்தா பாரு சிவப்ப!" என்று அவள் குரல் கேட்டால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம். கணவாய் வந்திருந்தால், நான் பொக் மானைக் கூப்பிட்டு வேனுக்கு எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லுவேன்.

இன்றைக்குக் கணவாய். "சளி எப்படி விக்குது?" என்று கேட்டேன்.

"உன் புடுவ விட நல்லா" என்றாள்.